மலையகத் தளபாடங்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை மன்னர்களின் ஆணைகளிலும் போர்க்களங்களிலும் மட்டுமே தேடும் மரபு இன்று தளர்ந்துவிட்டது. மக்கள் உண்ட கலமும் உறங்கிய பாயும் அமர்ந்த பலகையுங்கூட வரலாற்றுச் சான்றுகளே. இந்நோக்கில், மலையகத் தோட்டங்களிற் கைமாறி வந்த பழைய மரத் தளபாடங்களையும், அவற்றுக்கு மீண்டும் மீண்டும் சாயமேற்றி மெருகூட்டிய தச்சர்களின் தொழிலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு ஆகியன போர்த்துக்கேய மொழி நமக்குத் தந்தவை. லாச்சி என்பது ஒல்லாந்தர் வழி வந்தது. தச்சரைப் ‘பாஸ்’ என்று அழைக்கிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்லே. ஆட்சிகள் மறைந்தன, அவை விட்டுச்சென்ற பெயர்கள் நம் வீடுகளில் நிலைத்துவிட்டன. கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்திற் கருங்காலியிலும் முதிரையிலும் கலமந்தரிலும் செய்யப்பட்ட தளபாடங்கள் இன்று நூதனசாலைகளை அணிசெய்கின்றன. இவற்றுட் கலமந்தர் இலங்கைக்கே உரிய மரம். அளவிறந்து வெட்டப்பட்டமையால் அது அருகிப்போயிற்று.

மலைநாட்டின் கதை சற்று வேறுபட்டது. கோப்பிக்காகக் காடுகள் எரிக்கப்பட்டன. 1867இல் லூல்கந்தரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இற் கோப்பியைத் தாக்கிய இலைநோய், பின்வந்த ஆண்டுகளில் மலைகள் யாவற்றையும் தேயிலைக்கு உரியனவாக்கியது. புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. துரைமாரின் பங்களாக்களுக்கு வேண்டிய பாரிய அலுமாரிகளும், கை நீண்ட சாய்மனைக் கதிரைகளும் மலையேறி வருதல் இதனால் எளிதாயிற்று. எனினும், புகையிரத நிலையத்திலிருந்து பங்களா வரை அவற்றைச் சுமக்கத் தொழிலாளரின் தோள்கள் தேவைப்பட்டன.

தோட்டத்திலேயே கிடைத்த மரம் சவுக்கு. சிங்கள மக்கள் இதனைச் ‘சபுக்கு’ என்பர். அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக்குரிய இம்மரம் தேயிலைக்கு நிழல் தருவதற்காக நடப்பட்டது. முதிர்ந்து வெட்டப்பட்டதும் அது பலகையாயிற்று, பலகை மேசையாயிற்று. அதன் நிறம் வெளிறியது. ஆகவே கருஞ்சாயம் ஏற்றி, உயர்ந்த மரம்போலத் தோன்றச் செய்வது வழக்கமாயிற்று.

எம் பாட்டனார் அட்டன் பகுதித் தோட்டமொன்றில் தச்சராயிருந்தவர். அவர் கூறக் கேட்ட முறை இது. பழைய பொருளொன்று வந்தால் முதலில் ஒரு மூலையை ஸ்பிரிட் தோய்ந்த துணியாற் தேய்த்துப் பார்ப்பார். பூச்சு இளகினால் அது அவலரக்கு. ஸ்பிரிட்டினாலேயே அதனைக் கழுவி நீக்கிவிட்டு, மரத்தின் வரியோட்டத்தின் வழியே மணற்கடதாசியாற் தேய்ப்பார். குறுக்கே தேய்த்தாற் கீறல்கள் சாயத்தைக் குடித்துக் கறுத்துவிடும். அடுத்துக் கடுந்தேயிலைச் சாயத்தைப் பூசி உலரவிடுவார். பின்னர், துருப்பிடித்த ஆணிகளைப் பல நாள் வினாகிரியில் ஊறவைத்த நீரைத் தடவுவார். வெளிறிய சவுக்கு கண்முன்னே கருமையுறும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்வதால் நிகழும் மாற்றம் இது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை செய்ததும் இதே தத்துவத்தின்படியே. இறுதியாக, அவலரக்கைப் பஞ்சுப் பொதியாற் பலமுறை மெல்லியதாகப் பூச மெருகு பிறக்கும். மலைநாட்டின் ஈரத்தில் அவலரக்கு வெண்மை பூத்துவிடும் என்பதால், மழைநாளில் அவர் பொலிஷ் பூசியதில்லை.

தேயிலைச் சாயம் என்று மலையக மக்கள் நாளும் அருந்தும் பானமே துரையின் மேசைக்கும் சாயமாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆனால், இத்தகைய தளபாடங்களுக்குத் தொழிலாளரின் இல்லத்தில் இடமிருந்ததா? ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லய அறையிலே சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நடந்தன. பிறருக்காகப் பத்துக்கணக்கான அலுமாரிகளை மெருகூட்டிய எம் பாட்டனாரின் வீட்டில் அலுமாரி இருக்கவில்லை. கழித்துவிடப்பட்ட தேயிலைப் பெட்டிப் பலகையே அரிசிப் பெட்டியாகவும் சாமி படத்தட்டாகவும் பயன்பட்டது.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறும் குடும்பம் எதனைக் கொண்டுசெல்ல இயலும்? அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், தோட்டங்களிற் பஞ்சம் நிலவியது. பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. அந்நாளிற் பலர் வாங்கையும் பெட்டியையும் கிடைத்த விலைக்கு விற்றனர் என்பார் எம் பாட்டியார். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமாரும் மாறினர். பங்களாவிற் கழிக்கப்பட்டனவும், லயத்திலிருந்து விற்கப்பட்டனவும் ஒரே தச்சரின் கொட்டகையில் வந்து சேர்ந்தன.

அவ்வாறு வந்த வாங்கு ஒன்று எம் வீட்டில் இன்றும் உள்ளது. இந்தியாவுக்குப் புறப்பட்ட அயல்வீட்டார் விட்டுச்சென்றது அது. மேற்பலகைக்கு நன்கு சாயமேற்றிப் பளபளப்பாக்கியிருக்கிறார் பாட்டனார். அடிப்பக்கத்திலோ அவர் மணற்கடதாசியை வைக்கவேயில்லை. அங்கே அவ்வீட்டுப் பிள்ளைகள் கத்தியாற் கீறிய பெயர்கள் உள்ளன. காரணம் கேட்டபோது, “அது நம்ம சாமானில்ல, அவங்க பேரு” என்றார்.

மெருகூட்டல் ஒரு பொருளுக்கு மறுவாழ்வு அளிக்கிறது. அதேவேளை முன்னையோரின் தடயத்தையும் அழித்துவிடுகிறது. பழைய மரப்பொருள்களுக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறது. பங்களாக் கதிரைகள் புதுப்பொலிவுடன் விருந்தினர் விடுதிகளை அலங்கரிக்கின்றன. அவற்றைச் செய்தவர், சுமந்தவர், விற்றவர் பெயர்களை எந்தப் பட்டியலும் கூறுவதில்லை. கம்பளைக்கு அண்மையிற் பழைய லயமொன்றில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை போன்ற முயற்சிகள் இக்குறையை ஓரளவு போக்குகின்றன.

எனினும், பெரும்பாலான சான்றுகள் இன்னும் லயங்களிலும் அவற்றை விட்டுப் பெயர்ந்தோரின் சிறு வீடுகளிலுமே கிடக்கின்றன. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர்களாகிய நாம், விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு பழைய வாங்கையேனும் புரட்டிப் பார்ப்போமாக. அதன் உரிமையாளர் யார், எங்கிருந்து வந்தது என மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்போமாக. அடுத்த சாயம் ஏறுவதற்கு முன்னர் இது நிகழவேண்டும்.