வைத வாயே வாழ்த்திய கதை

1924 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் குறுக்கெழுத்தைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. ஊரைப் பிடித்து ஆட்டும் இந்தப் பைத்தியம் பாவகரமான நேர விரயம் என்று வைதது. இன்று அதே நாளிதழின் சந்தா வருமானத்துக்குக் கைகொடுக்கும் செயலிகளில் ஒன்று 'என்ஒய்டி கேம்ஸ்'. அதன் அடித்தளமே குறுக்கெழுத்துதான்.

முதல் குறுக்கெழுத்தை உருவாக்கியவர் ஆர்தர் வின். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகை வேலை பார்த்தவர். 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று வைர வடிவில் கட்டம் போட்டு அச்சிட்டார். 1924இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகம் தன் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பையே வெளியிட்டது. கூடவே ஒரு பென்சிலையும் இணைத்துக் கொடுத்தது. புத்தகம் பறந்தது. கட்டத்துக்குக் கூட்டம் சேர்க்கும் சக்தி உண்டு என்பதை நம் ஊரும் அறியும்: 1930களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தித்தான் ஆனந்த விகடன் விற்பனையைப் பெருக்கியது.

நியூயார்க் டைம்ஸ் மட்டும் வீம்பாக ஒதுங்கியே நின்றது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, போர்ச் செய்திகளுக்கு நடுவே வாசகர்களுக்குக் கொஞ்சம் இளைப்பாறுதல் வேண்டும் என்று மனம் மாறி, 1942 பிப்ரவரி 15 ஞாயிறு இதழில் முதல் கட்டத்தைப் போட்டது. பொறுப்பேற்றவர் மார்கரெட் ஃபரார், அந்தப் பென்சில் புத்தகத்தைத் தொகுத்தவர்களில் ஒருவர். 1950இல் குறுக்கெழுத்து தினசரிப் பகுதியாயிற்று.

இனி செயலிகளின் கதை. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது, விளம்பரத்தை நம்பி நாளிதழ்கள் செயலிகளை இலவசமாகவே கொடுத்தன. விளம்பரப் பணத்தின் பெரும்பங்கோ கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்ச் சேர்ந்தது. 2011 பிப்ரவரியில் செயலிக்குள்ளேயே சந்தா கட்டும் வசதி வந்தது. கட்டணத்தில் 30 சதவீதத்தை ஆப்பிள் எடுத்துக்கொண்டது. அதே மாதம் ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனம் ஐபேடுக்காகவே 'தி டெய்லி' நாளிதழைத் தொடங்கியது. சந்தா வாரம் 99 சென்ட்தான். ஆனாலும் 2012 டிசம்பரில் மூடிவிட்டார்கள். வேறெங்கும் இலவசமாகக் கிடைக்கும் செய்திக்குப் புதுச் செயலி ஒன்றே போதிய காரணமாக இருக்கவில்லை.

குறுக்கெழுத்தின் நிலை வேறு. நியூயார்க் டைம்ஸின் செய்திகள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த காலத்திலேயே, கட்டம் நிரப்பத் தனிச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள் வாசகர்கள். அதை அலைபேசிக்கு ஏற்றபடி குறுக்கியது 2014இல் வந்த 'மினி'. ஐந்துக்கு ஐந்து கட்டம், ஓரிரு நிமிட வேலை, காசும் கிடையாது. 2018இல் 'ஸ்பெல்லிங் பீ' இணைய வடிவம் பெற்றது. தேன்கூடு போல அடுக்கிய ஏழு எழுத்துகளை வைத்துச் சொற்களைக் கட்ட வேண்டும்; நடு எழுத்து எல்லாச் சொல்லிலும் வர வேண்டும். சொற்கள் சேரச் சேரத் தகுதி ஏறும். ஆட்டம் சூடுபிடிக்கும் கட்டத்தில், மேலே போகச் சந்தா கட்டுங்கள் என்று திரை மறிக்கும். 2021 இறுதிக்குள் விளையாட்டுகளுக்கு மட்டும் பத்து லட்சம் சந்தாதாரர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

பிறகு வந்தது 'வேர்டில்'. ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைக்காக உருவாக்கிய ஆட்டம். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்க வேண்டும், நாளுக்கு ஒன்றுதான். விடையைக் காட்டாமல் பச்சை, மஞ்சள் கட்டங்களை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பலாம். 2021 நவம்பர் முதல் நாள் தொண்ணூறு பேர் ஆடிய ஆட்டத்தை இரண்டே மாதத்தில் மூன்று லட்சம் பேர் ஆடினார்கள். 2022 ஜனவரி இறுதியில் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிற்று. அன்றன்றைய வேர்டில் இப்போதும் இலவசம். பழைய ஆட்டங்கள் வேண்டுமானால் சந்தா. 2023இல் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற புதிர் சேர்ந்தது, செயலியின் பெயரும் 'கேம்ஸ்' ஆனது.

இதில் உள்ள சூட்சுமம் பழக்கம். நாளுக்கொரு புதிர் என்பதால் திகட்டுவதில்லை. விடாமல் ஆடிய நாள்களைச் செயலி எண்ணிக்காட்டுவதால், ஒரு நாளும் தவறவிட மனம் வருவதில்லை. ஒரே வாரத்தில் செய்தியும் படித்துப் புதிரும் ஆடுகிறவர்களே சந்தாவில் அதிக காலம் நீடிக்கிறார்கள் என்கிறது நிறுவனம். செய்தி, விளையாட்டு, சமையல், விளையாட்டுச் செய்தித் தளமான 'தி அத்லெட்டிக்' எல்லாவற்றையும் ஒரே கட்டாக விற்பது அதனால்தான். பழக்கம் வேரூன்றிய பின் விலை வைப்பதும் எளிது: பதினோரு ஆண்டு இலவசமாக இருந்த மினிக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் வந்தது.

செயலி தொடங்க நினைக்கும் நம் பத்திரிகைகள் புதிரைத்தான் காப்பியடிக்க வேண்டும் என்பதில்லை. நாளைக் காலையும் வாசகர் இதைத் திறக்க என்ன காரணம் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பதில் கிடைக்காவிட்டால், செயலிக்கான பணத்தை நிருபர்களின் சம்பளத்துக்குச் செலவிடுவது மேல்.