ஆகாயத்தில் ஒட்டாத நூல்

கதை கேட்பவர்கள் மிகவும் தாராள மனம் படைத்தவர்கள். கதைக்காரன் ஆரம்பத்தில் ஒரு பெரிய பொய்யைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு விடுவார்கள். ராஜகுமாரன் ஒருவன் கிளியாக மாறினான் என்றால், "சரி, மாறட்டும்" என்பார்கள். ஆனால் அந்தக் கிளி மாமரக் கிளையில் உட்கார்ந்து மாட்டைப் போல் அசை போட்டது என்று சொல்லிப் பாருங்கள். உடனே, "இதென்ன ஐயா, கிளி எங்கேயாவது அசை போடுமா?" என்று சண்டைக்கு வந்து விடுவார்கள். மனிதன் கிளியானதை ஒப்புக்கொண்ட அதே ஆசாமிகள்தான் இப்படிக் கேட்கிறார்கள்! முதல் பொய்க்கு வரி கிடையாது. இரண்டாவது பொய்க்குத்தான் உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தச் சட்டத்தின் கடுமையை நான் நன்றாக அறிவேன்.

இந்தச் சட்டம் எதுவரையில் செல்லுபடியாகிறது என்று பார்த்தால், நம் வீட்டுப் பையன்கள் டெலிவிஷன் பெட்டிக்கு முன் உட்கார்ந்து ஆடுகிற வீடியோ கேம் வரையில் வந்து விடுகிறது. அதிலும், அசகாய சூரன் ஒருவனை ஒரு நகரத்துக்குள் அவிழ்த்து விட்டு, "போ, எங்கே வேண்டுமானாலும் சுற்று" என்று சொல்லும் ஆட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றில்தான் இது மிக நன்றாகத் தெரிகிறது. அந்தச் சூரன் எப்படித் தாவ வேண்டும், எப்படி விழ வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சரித்திரமே உண்டு. பிள்ளை விளையாட்டுக்குச் சரித்திரமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கதை சொல்லுகிறவர்களின் பழைய தர்மசங்கடம் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் சூப்பர்மேனைப் பார்ப்போம். 1938ஆம் வருஷம் அமெரிக்காவில் 'ஆக்ஷன் காமிக்ஸ்' என்ற படக்கதைப் பத்திரிகையின் முதல் இதழில் அவன் தோன்றினான். க்ளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த ஜெரி ஸீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அவனைப் படைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அவனைப் பறக்கிறவனாகவே அறியும். ஆனால் அன்று அவன் பறக்கவில்லை, தாவினான். ஒரு தாவலுக்கு ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 200 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். இதற்கு முதல் பக்கத்திலேயே சமாதானமும் சொல்லியிருந்தார்கள். எறும்பு தன் எடையைப் போல் பல மடங்கு சுமக்கவில்லையா, வெட்டுக்கிளி தன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தூரம் தாவவில்லையா என்று.

பௌதிகப்படி இந்தச் சமாதானம் நிற்காது. எறும்பை மனிதன் அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் கால்களே அதைத் தாங்க மாட்டா. ஆனாலும் கதைக்கு அது போதுமாயிருந்தது. தாவுகிறவன் தரையை உதைக்க வேண்டும். மேலே போனவன் கீழே இறங்கியாக வேண்டும். பூமிக்கும் அவனுக்கும் கணக்கு வழக்கு இருந்தது. 1941ல் ஃப்ளெய்ஷர் சகோதரர்கள் அவனைச் சித்திரப் படமாக எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தை ஒட்டி அவன் தாவுவதை விட்டுப் பறக்கலானான். எதை உதைத்துக் கிளம்புகிறான், எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறான் என்பதற்கெல்லாம் அதற்குப் பிறகு பதில் இல்லை. கணக்கு தீர்ந்தது.

கம்பன் இந்த விஷயத்தில் வெகு ஜாக்கிரதைக்காரன். அநுமன் கடலைத் தாண்டக் கிளம்பும்போது அவன் காலடியில் மகேந்திர மலை என்ன பாடு படுகிறது என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் அவனை ஆகாயத்தில் விடுகிறான். மலை நசுங்குவதைப் பார்த்த பிறகு, தாவியவனின் பலத்தை யாரும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

சூப்பர்மேன் தோன்றி இருபத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு, 1962ல், ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டு வந்தார்கள். இவன் பறப்பவன் அல்ல. மணிக்கட்டில் கட்டிய ஒரு சிறு கருவியிலிருந்து சிலந்தி நூலைப் பீச்சி, கட்டடத்தில் ஒட்டவைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடிப் போகிறவன். நியூயார்க் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் இல்லாவிட்டால் இவன் பாடு திண்டாட்டம்தான். இவனுக்குப் பூமியோடு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கு 1973ஆம் வருஷம் தீர்க்கப்பட்ட விதம் படக்கதை உலகத்தையே உலுக்கிவிட்டது. ஜெரி கான்வே எழுதி, கில் கேன் படம் வரைந்த கதை அது. ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேஸியை அவன் எதிரி ஒரு பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளி விடுகிறான். ஸ்பைடர்மேன் நூலை வீசுகிறான். நூல் அவள் காலைப் பிடித்துக்கொள்கிறது. "காப்பாற்றிவிட்டேன்" என்ற மகிழ்ச்சியோடு மேலே இழுத்துப் பார்த்தால் அவள் பிணமாக இருக்கிறாள். விழுந்த வேகத்தில் சட்டென்று நின்றதால் ஏற்பட்ட அதிர்ச்சிதான் அவளைக் கொன்றது என்று பத்திரிகையே பின்னால் வாசகர்களுக்குப் பதில் சொல்லிற்று.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 மீட்டர் விழுந்தவள் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பாள். அவளை அரை விநாடியில் நிறுத்தினால், அவள் எடையைப் போல் எட்டு ஒன்பது மடங்கு விசை அந்த உடம்பைத் தாக்கும். மின்னஸோட்டா சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ், அசகாய சூரர்களின் பௌதிகத்தைப் பற்றி 2005ல் எழுதிய புத்தகத்தில் இந்த மரணத்தையே ஒரு பாடமாக நடத்தியிருக்கிறார். விழுவது யாரையும் கொல்லுவதில்லை, நிற்பதுதான் கொல்லுகிறது என்ற உண்மை அங்கே ஒரு பெண்ணின் உயிரை விலையாகக் கேட்டுவிட்டது.

இனி ஆட்டங்களுக்கு வருவோம். 1982ல் அடாரி பெட்டிக்காக பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி ஸ்பைடர்மேன் ஆட்டம் ஒன்றை வெளியிட்டது. படம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்; சில வர்ணக் கட்டங்கள், அவ்வளவுதான். ஆனால் அதில் நூல் கட்டடத்தில் ஒட்டியது. நூலுக்கான திரவம் குறையக் குறைய மனம் பதைத்தது. கீழே விழுந்தால் உயிர் போயிற்று. ஏழை வீட்டு ஆட்டமானாலும் நாணயமான ஆட்டம்.

பிறகு செல்வம் வந்தது. நாணயம் கொஞ்சம் குறைந்தது. 1999ல் நின்டெண்டோ பெட்டிக்கு வந்த சூப்பர்மேன் ஆட்டத்தில் வீரன் வளையம் வளையமாக நுழைந்து பறந்தான். நகரத்தை முழுவதும் காட்ட எந்திரத்துக்குச் சக்தி இல்லாததால் ஒரே மூடுபனி. 2000ல் நெவர்சாஃப்ட் கம்பெனி செய்த ஸ்பைடர்மேன் ஆட்டம் ஜனங்களுக்குப் பிடித்த நல்ல ஆட்டம்தான். ஆனால் அதில் நூல் நேரே ஆகாயத்தில் போய் ஒட்டியது! 2002ல் ட்ரேயார்க் கம்பெனியார் சினிமாவை ஒட்டிச் செய்த ஆட்டத்திலும் இதே கதைதான். சிலந்தி நூல் மனிதனைத் தாங்கும் என்பது முதல் பொய், அதை ஒப்புக்கொண்டோம். அது வெறும் வெளியில் ஒட்டும் என்பது இரண்டாவது பொய். கிளி அசை போட ஆரம்பித்துவிட்டது.

அதே கம்பெனியில் வேலை பார்த்த ஜேமி ஃப்ரிஸ்ட்ரம் என்ற புரோகிராமருக்கு இது பொறுக்கவில்லை. 2004ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' ஆட்டத்துக்காக அவர் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார். பித்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் அருகிலுள்ள கட்டடங்களில் பொருத்தமான ஓர் இடத்தைத் தேடும். அகப்பட்டால் நூல் அங்கே ஒட்டும், அகப்படாவிட்டால் ஒட்டாது. ஒட்டிய இடம் முளை, நூல் சங்கிலி, வீரன் ஊஞ்சல் பலகை. மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

கூடத்து ஊஞ்சலில் ஆடியவர்களுக்கு இந்த சாஸ்திரம் தெரிந்ததுதான். அடிமட்டத்தில் வேகம் அதிகம். அங்கே கையை விட்டால் முன்னால் பாயலாம். கொஞ்சம் பொறுத்து விட்டால் உயரே எழும்பலாம். அதிகம் பொறுத்தால் வேகமெல்லாம் கரைந்துபோய் நிற்க வேண்டியதுதான். இந்த விவேகத்தை விரல் நுனியில் கற்றுக்கொண்ட பிள்ளைகள், கதையை ஆடி முடித்த பிறகும், மன்ஹாட்டன் தீவின் மேல் சும்மா ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள். நகரத்து நடுவே உள்ள சென்ட்ரல் பார்க்கில் கட்டடம் கிடையாது. ஆகவே அங்கே போனால் காலால் ஓட வேண்டும். அந்தக் கஷ்டத்தைக்கூட அவர்கள் ரஸித்தார்கள் என்பதுதான் விசேஷம். எங்கேயும் போகலாம் என்ற சுதந்திரத்துக்கு ருசி கொடுத்தது, இங்கே முடியாது என்ற அந்த ஒரு இடம்தான்.

2005ல் கனடாவிலுள்ள ராடிகல் கம்பெனி ஹல்க் என்ற பச்சை ராட்சதனை வைத்து ஓர் ஆட்டம் செய்தது. அவன் தாவி இறங்கினால் ரஸ்தா வெடிக்கும், கார் நசுங்கும். மகேந்திர மலை ரகசியம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மாறாக, 2006ல் வந்த சூப்பர்மேன் ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு ஒரு சங்கடம். வீரனுக்கு எடையும் இல்லை, காயமும் படாது. எதை இழக்கச் செய்வது? கடைசியில், வீரனின் உயிருக்குப் பதிலாக நகரத்தின் உயிரைப் பந்தயமாக வைத்தார்கள். யுக்தி நல்ல யுக்திதான். ஆனாலும் பறப்பதில் என்ன சாமர்த்தியம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

2011ல் ராக்ஸ்டெடி கம்பெனியின் பேட்மேன் ஆட்டம் வேறொரு வழி காட்டியது. பேட்மேன் மேலங்கியை விரித்து மிதக்கிறான். வேகம் வேண்டுமானால் தலைகீழாகப் பாய்ந்து உயரத்தைச் செலவழிக்க வேண்டும். மறுபடி உயரம் வேண்டுமானால் வேகத்தைச் செலவழிக்க வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் சர்வகலாசாலை மாணவர்கள் சிலர் இந்த மேலங்கியைப் பற்றி நிஜமாகவே கணக்குப் போட்டார்கள். 150 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் 350 மீட்டர் தூரம் மிதந்து போகலாமாம். ஆனால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அதாவது, போய்ச் சேரலாம். உயிரோடு போய்ச் சேர முடியாது!

ஸ்பைடர்மேனின் நூல் 2012ஆம் வருஷத்து ஆட்டத்தில் மறுபடி ஆகாயத்துக்குப் போயிற்று. 2014ல் மறுபடி கட்டடத்துக்கு வந்தது. 2018ல் கலிபோர்னியாவிலுள்ள இன்ஸோம்னியாக் கம்பெனி செய்த ஆட்டத்தில் நூல் கட்டடங்களிலும் மரங்களிலும் ஒட்டியது. அடிப்படை ஊஞ்சல் கணக்குதான். ஆனால் அதன் மேல் நாசூக்காகப் பல திருத்தங்கள். திருத்தாமல் முடியாது. 30 மீட்டர் நூலில் நிஜமாக ஆடினால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஆறு விநாடிக்கு மேல் ஆகும். ஆடுகிற பையன் கொட்டாவி விடுவான். கிடைமட்டத்திலிருந்து ஆடி வருகிறவன் அடிமட்டத்தைத் தாண்டும்போது, நூல் நீளமோ குட்டையோ, கையில் தன் எடையைப் போல் மூன்று மடங்கைத் தாங்க வேண்டும். தோள்பட்டை கழன்று வந்துவிடும். ஆகையால் கம்ப்யூட்டர் பின்னாலிருந்து ரகசியமாகக் கை கொடுக்கிறது. திருப்பங்களில் வளைத்து விடுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாமல் பார்த்துக்கொள்கிறது.

2023ல் அதே கம்பெனி வெளியிட்ட அடுத்த ஆட்டத்தில் இந்த ரகசியத்தை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஊஞ்சலாடும்போது கம்ப்யூட்டர் எவ்வளவு உதவ வேண்டும் என்பதைப் பத்திலிருந்து பூஜ்யம் வரை ஆடுகிறவனே குறைத்துக்கொள்ளலாம். விழுந்தால் அடிபட வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவனே தீர்மானிக்கலாம். என் தமக்கை மகன் உதவியைப் பூஜ்யமாக்கிவிட்டு, சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் மோதிக்கொண்டிருந்தான். "எதற்கடா இந்தக் கஷ்டம்?" என்று கேட்டேன். "மாமா, அது போகிறபோது நான் வெறும் பிரயாணி. இப்போது போகிறது நான்" என்றான்.

வெறுமே பிரயாணம் செய்ய யாருக்கும் ஆசையில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. நாள் முழுவதும் ஆபீஸில் உழைத்துவிட்டு வருகிறவர், விழுந்தாலும் வலிக்காத உலகத்தில் அரை மணி நேரம் மிதக்க விரும்பினால் அவரைக் குறை சொல்ல நான் யார்? நாம் எழுதுகிற கதைகளிலும் பாதி அந்த மாதிரி அரை மணி நேரத்துக்காகவே எழுதப்படுகின்றன. எண்ணைப் பத்தில் வைப்பதும் பூஜ்யத்தில் வைப்பதும் அவரவர் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஆனால் ஆட்டக்காரனுக்கு உள்ள இந்த வசதி கதாசிரியனுக்கு இல்லை. அவன் அந்த எண்ணை ஒரே தடவைதான் வைக்கலாம். எல்லா வாசகர்களுக்குமாகச் சேர்த்து வைக்க வேண்டும். 1973ல் கான்வே அதைப் பூஜ்யத்தில் வைத்தார். நூல் பிடித்தது, வீரன் தவறு செய்யவில்லை, ஆயினும் அவள் இறந்தாள். வாசகர்கள் அவர்மேல் கடுங்கோபம் கொண்டார்கள். கொஞ்சம் மனசு வைத்திருந்தால் அவளைப் பிழைக்க வைத்திருக்கலாம். படக்கதையில் அதற்கு எத்தனையோ வழி உண்டு. ஆனால் அதற்கு நூலைச் சற்று ஆகாயத்தில் ஒட்ட வேண்டியிருந்திருக்கும். ஐம்பது வருஷம் கழிந்த பிறகும் அந்தப் பாலத்தையும் அந்த நூலையும் ஜனங்கள் மறக்கவில்லை.