ஜகார்த்தாவின் சண்டியர்களும் சிலாட்டும்

'தி ரெய்ட் 2' படத்துக்கு இந்தோனேசியாவில் 'பெரண்டால்' என்று பெயர். அடாவடிக்காரன் என்று பொருள். 2014 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட இந்த இரண்டரை மணி நேரப் படத்தில், சிறை முற்றத்துச் சேற்றில் கைதிகளும் காவலர்களும் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். ரயில் பெட்டிக்குள் ஒரு பெண் இரண்டு சுத்தியல்களால் ஆட்களைச் சாய்க்கிறாள். மலேசியத் தணிக்கை இதைத் திரையிட அனுமதிக்கவில்லை. ரத்தத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் வரலாறு தெரிய வாய்ப்பில்லை. ஜகார்த்தாவில் சிலாட் எனும் தற்காப்புக் கலையும் தெருச் சண்டியர்களும் ஒன்றாகவே வளர்ந்தவர்கள்.

டச்சுக்காரர்கள் காலத்தில் இந்நகரின் பெயர் பதாவியா. சுற்றியிருந்த நிலங்களில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளாக இருந்தது. குடியானவர்களிடம் வாரம் வசூலிக்கப் பண்ணையார்கள் அடியாட்களை வைத்துக்கொண்டார்கள். கிராமங்களும் தங்களுக்கென்று பலசாலிகளை நம்பியிருந்தன. இரு தரப்பாரையும் மக்கள் 'ஜாகோ' என்றே அழைத்தார்கள். சேவலுக்கும் அதே சொல்தான். இவர்கள் அனைவருக்கும் கைகொடுத்த கலை சிலாட்.

அவர்களில் இன்றும் பேசப்படுபவன் ராவா பெலோங் ஊரைச் சேர்ந்த சி பித்துங். பணக்காரர்களைக் கொள்ளையடித்த அவனைக் காவல்துறை 1893இல் சுட்டுக் கொன்றது. அரசின் ஆவணத்தில் அவன் கொள்ளைக்காரன். ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களின் கதைகளிலோ தொழுகை தவறாத, ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்த வீரன். 1931இலேயே அவனைப் பற்றிப் படம் வந்தது. 1970இல் மீண்டும் வந்தது. இந்தோனேசிய சினிமாவில் குற்றவாளியும் சிலாட் வீரனும் ஒரே உடலில் குடியேறியது அப்போதே.

சுமத்ராவின் மினாங்கபாவ் பகுதியில் கதை வேறு. அங்கே பருவம் எட்டும் பையன்கள் இரவில் 'சுராவ்' எனும் தொழுகைக்கூடத்தில் தங்கினார்கள். குர்ஆன் ஓதியபின் முற்றத்தில் சிலாட் பயில்வார்கள். பிறகு ஊரைவிட்டுப் பிழைக்கப் போக வேண்டும். அந்த வழக்கத்துக்கு 'மெரந்தாவ்' என்று பெயர். புலியைப் போலத் தரையோடு பதுங்கிப் பாயும் அடிமுறை இம்மண்ணுக்குரியது. புலிநகம் போல் வளைந்த கெராம்பிட் கத்தியும் அப்படியே. 'பெரண்டால்' படத்தின் சமையலறைச் சண்டையில் எதிராளியின் இரு கைகளிலும் இருப்பது அந்தக் கத்திதான்.

விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1948 மே மாதம், சுரகார்த்தாவில் சிலாட் பள்ளிகளை ஒன்றிணைக்கும் தேசிய சங்கம் பிறந்தது. கலைக்கு மரியாதை வந்தது. தெருவோ மாறவில்லை. அதிபர் சுகார்த்தோ ஆட்சியில் அடியாட்களை அரசியலும் அதிகாரமும் பயன்படுத்திக்கொண்டன. 1983 முதல் 1985 வரை ரவுடிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டு, பலரது உடல்கள் தெருவில் வீசப்பட்டன. அதை ஆட்சி திட்டமிட்டே செய்தது என்று பின்னர் சுகார்த்தோவே தன்வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டார். ஊழல் காவலர்களும் தாதாக்களும் கைகோக்கும் 'பெரண்டால்' கதையை இந்தோனேசியப் பார்வையாளர்கள் வெறும் கற்பனையாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

படத்தை எடுத்த காரெத் எவன்ஸ் வேல்ஸ்காரர். 2007இல் சிலாட் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர், பெத்தாவி மரபில் பயின்ற இக்கோ உவாய்ஸைக் கண்டெடுத்தார். இக்கோ அப்போது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஓட்டுநர். இருவரும் சேர்ந்து 2009இல் 'மெரந்தாவ்' எடுத்தார்கள். அடுத்து எழுதப்பட்டதே 'பெரண்டால்'. அதற்குப் பணம் திரளவில்லை. ஆகவே ஒரே கட்டடத்துக்குள் முடியும் 'தி ரெய்ட்' படத்தைச் சுமார் 11 லட்சம் டாலரில் முடித்தார்கள். 2011இல் அது உலகெங்கும் பேசப்பட்டதும், கிடப்பில் இருந்த கதை இரண்டாம் பாகமாகத் திருத்தி எழுதப்பட்டது. முன்னதாக எழுதிய கதைதான் தொடர்ச்சியாக வெளிவந்தது.

படத்தின் உண்மையான பலம் அதன் ஆட்கள். யாயான் ருஹியானும் செசெப் ஆரிஃப் ரஹ்மானும் மேற்கு ஜாவாவின் சிலாட் பள்ளிகளில் ஊறியவர்கள். நடிப்பு பின்னால் வந்தது. 2019இல் 'ஜான் விக் 3' படத்தில் கியானு ரீவ்ஸை எதிர்த்து நின்றதும் இந்த இருவரே. அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ பென்சாக் சிலாட் மரபுகளை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

'பெரண்டால்' பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் 'மெரந்தாவ்' பார்த்துவிடுங்கள். தாயிடம் விடைபெற்று ஊரைவிட்டுக் கிளம்பும் மினாங்கபாவ் பையனைத் தெரிந்தபின், இரண்டாம் படத்தின் ஒவ்வொரு அடியும் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.