குறைந்த காசில் பழைய கார்: துருவையும் கிராணையும் முதலில் பாருங்கள்

சில ஆயிரம் ரிங்கிட்டில் பழைய கார் தேடுவோர் பலரின் கண் வெளிநாட்டு வண்டிகள் மீதே போகிறது. வாங்கும் விலை மலிவுதான். ஒரு பாகம் பழுதானால்தான் காரணம் புரியும்.

உள்நாட்டுப் பழைய கார்களிலும் சுவாரசியம் குறைவில்லை. 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவின் வழி வந்தது. இரண்டின் இயந்திரமும் எளிமையானது. தோட்டப்புறப் பட்டறைக்காரரே பிரித்துப் பூட்டிவிடுவார். தீபகற்பத்தில் 850 சிசி கஞ்சிலுக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட், 1.3 சாகாவுக்கு 70.

இவ்வயதுக் கார்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. ரொக்கம் கைமாறும் முன்பே எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

இஞ்சினைவிடத் துருதான் பெரிய செலவு. கால் விரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். உதிரிச் சக்கரக் குழி, கதவின் அடிப்பகுதி ஆகியவற்றையும் விடாதீர்கள். உள்ளே சேறு படிந்திருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம்.

கிராணில் உள்ள சேசிஸ், இஞ்சின் எண்கள் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முன் வாகனச் சோதனை உண்டு. எண் பொருந்தாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஜேபிஜே கறுப்புப் பட்டியலில் வண்டி இருந்தாலும் பெயர் மாற்ற முடியாது.

பார்க்கப் போகும்போது இஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். முடுக்கியதும் நீலப் புகை வந்தால், எண்ணெய் எரிகிறது.