வாயில்லாச் சீவனுக்கு வழக்காடியோர்

மாணவச் செல்வங்களே, நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, குடிமையியல் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மக்களின் பிரதிநிதிகளே சட்டம் இயற்றுகிறார்கள் என்றீர்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் வாக்குரிமை இல்லையே. அவற்றிற்காகச் சட்டம் இயற்றியவர் யார்?" என்று வினவினான். மணி அடித்தது. மறுநாள் கூறுவதாகச் சொல்லித் தப்பினேன். உண்மையில் எனக்கே விடை தெரியாது. தேடிப் படித்ததை இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை என்பது நாற்காலியைப் போல ஓர் உடைமை. பிறன் குதிரையை அடித்தால் உடைமைக்குச் சேதம் என்று வழக்குண்டு. தன் குதிரையைத் தானே வதைத்தால் கேட்பாரில்லை. காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவுவது ஊரார் கூடிக் களிக்கும் வேடிக்கை. அதனைத் தடுக்க 1800இல் வந்த மசோதா தோற்றது. 1809இல் எர்ஸ்கின் பிரபு கொணர்ந்த மசோதா பிரபுக்கள் சபையில் வென்று, மக்கள் சபையில் வீழ்ந்தது.

பின்னர் வந்தவர் ரிச்சர்டு மார்ட்டின். அயர்லாந்தின் கால்வேப் பகுதி உறுப்பினர். துப்பாக்கி ஏந்தி ஒற்றைக்கு ஒற்றை மோதுவதில் பேர்போனவர். அவர் கழுதைக்காகப் பரிந்து பேசியபோது சபையினர் நகைத்தனர். அவர் தளரவில்லை. 1822இல் குதிரை, கழுதை, மாடு, செம்மறியாடு முதலியவற்றைக் கொடுமைப்படுத்துவோருக்கு 10 ஷில்லிங் முதல் 5 பவுன் வரை அபராதம் விதிக்கும் சட்டம் பிறந்தது.

ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் தானே நடந்துசென்று குற்றவாளியைப் பிடிக்குமா? மார்ட்டினே வழக்குகளை நடத்தினார். ஒரு வழக்கில், அடிபட்ட கழுதையையே நீதிமன்றத்துள் கொண்டுவந்து அதன் காயங்களைக் காட்டினார் என்று வழிவழியாகக் கூறுவர். 1824இல் இலண்டன் காப்பிக் கடையொன்றில் சிலர் கூடி, விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினர். அதன் செயலாளர் ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார், சங்கத்தின் கடனுக்காக 1826இல் சிறை புகுந்தார். வாயில்லாச் சீவனுக்காக ஒருவர் சிறையில் இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

விதைத்தது வீண்போகவில்லை. 1835இல் காளை, கரடி, நாய் ஆகியவற்றிற்கும் காப்பு விரிந்தது. 1866இல் நியூயார்க்கில் ஹென்றி பெர்க் இத்தகைய சங்கத்தைத் தொடங்கினார். 1900இல், சிறைப்பட்ட காட்டு விலங்குகளுக்கும் பிரிட்டனில் சட்டம் வந்தது. 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கை, அருகிவரும் காட்டுயிர்களை நாடுவிட்டு நாடு விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

நம் நாட்டில் 1890ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது, அது போதவில்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற ருக்மிணிதேவி அருண்டேல், தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அரசே சட்டம் செய்யும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததும் அதனைத் திரும்பப் பெற்றார். 1960இல் அச்சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். 1998இல் வெளியான அரசாணை, சர்க்கஸில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை ஆட்டுவிப்பதைத் தடுத்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

மறுநாள் இவற்றுள் சிலவற்றை வகுப்பில் கூறி, 1965ஆம் ஆண்டு விதிகளையும் படித்தேன். வண்டிமாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்குமேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓட்டலாகாது. ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது. கேள்வி கேட்ட மாணவனின் தந்தை வண்டியோட்டி. அடுத்த வாரம் அவரே பள்ளிக்கு வந்தார். "ஐயா, நடுப்பகலில் நிறுத்தினால் அன்றைய கூலியை யார் கொடுப்பார்?" என்றார். என்னிடம் விடையில்லை. சற்றுநேரம் நின்றவர், "ஆணியை மட்டும் பிடுங்கிவிட்டேன், பையன் விடவில்லை" என்று சொல்லிச் சென்றார்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குற்றத்திற்கு வைத்த உச்ச அபராதம் 50 ரூபாய். அத்தொகைக்கு அஞ்சி அவர் ஆணியைப் பிடுங்கவில்லை. மகன் கேட்டதால் பிடுங்கினார். மார்ட்டின் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை, செல்வங்களே. அதில் அடுத்து வாதாட வேண்டியவர்கள் நீங்களே.