கொதிகலனுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே

திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. மறு ஆண்டே பாதை தூத்துக்குடிவரை நீண்டது. அன்றுமுதல் நம் எழுத்தில் ரயிலுக்குப் பஞ்சமில்லை. ஜன்னலோரப் பயணி வருகிறார், நிலைய அதிபர் வருகிறார். நெருப்பின் முன் நின்றவரைத்தான் காண்பது அரிதாயிருக்கிறது.

கிளீனராகச் சேர்ந்து இன்ஜினைத் துடைத்தவர் இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், ஷண்டர், சரக்கு வண்டி ஓட்டுநர், பாசஞ்சர் ஓட்டுநர் எனப் படியேறி மெயில் வண்டியை அடைவதற்குள் தலை நரைத்துவிடும். வெள்ளையர் காலத்தில் அந்த மேற்படிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரியனவாயிருந்தன.

அவருடைய கலையின் சாரம் நீர்மட்டத்தைக் காப்பது. அம்பாத்துரையைத் தாண்டி மதுரை நோக்கி வரும் வண்டி கொடைரோடு சரிவில் இறங்கும்போது கொதிகலனின் நீர் முன்பக்கம் சாயும். பின்னாலுள்ள நெருப்பறையின் மேல்தகடு நீரின்றி வெளிப்பட்டுவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் தகட்டில் பதித்த ஈயத்திருகு உருகி, நீராவி நெருப்பின்மீது பாயும். ஒய்.பி. வகை இன்ஜினில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. ஆகவே சரிவு தொடங்குமுன்பே நீரைப் போதிய அளவு ஏற்றிவைக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர் சரிவில் பொய் சொல்லும் என்பதை எந்த நூலும் அனுபவம்போலக் கற்பிக்காது.

இத்தனை விழிப்பைக் கோரிய வேலைக்கு நேர எல்லை மட்டும் இல்லை. கால் பாய் நள்ளிரவில் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்குவான். லைன் பெட்டியோடு கிளம்பியவர் திரும்பும் நேரம் வீட்டாருக்குத் தெரியாது. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காக ஒதுங்கி நின்ற சரக்கு வண்டியிலும் நெருப்பு அணையக்கூடாதே! பதினான்கு மணி நேரமும் அதற்கு மேலும் வேலை நீண்டது.

இதனை எதிர்த்து லோகோ தொழிலாளர்கள் 1973இல் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பத்து மணி நேர வரம்பை அரசு ஒப்புக்கொண்டது. சம்பள உயர்வைவிட இதையே பெரிய வெற்றி என்பேன். தூக்கத்தை ஓர் உரிமையாகக் கேட்டுப் பெற்றார்கள். ஆனால் வாக்குறுதி காகிதத்திலிருந்து தண்டவாளத்துக்கு இறங்கத் தயங்கியது. 1974 மே மாதத்தின் இருபது நாள் பொது வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், வேலையிழந்தனர்.

நீராவி போயிற்று, மதுரையின் மீட்டர் கேஜும் அகலப்பாதையாயிற்று. பத்து மணி நேரக் கோரிக்கையை இன்று லோகோ பைலட் எனப் பெயர் மாறியவர்கள் எழுப்புகிறார்கள்.