மரப்பூங்காவில் முளைத்த புல்வெளி: மேடிசனில் ஒரு கருத்தின் வரலாறு

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில் பேணிவரும் மரப்பூங்கா 1934 ஜூன் 17 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு சுமார் 1,200 ஏக்கர். மரங்களுக்கென்று தொடங்கிய அந்த இடம் அறிவுலகில் பெயர் பெற்றதோ புல்லால்.

மரப்பூங்கா என்றால் இனவாரியாக மரங்களை நட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவது என்பதே அன்றைய வழக்கம். அந்த மரபு இங்கும் விடுபடவில்லை. நிலவடிவமைப்பாளர் லாங்கனெக்கர் பெயரில் உள்ள 35 ஏக்கர் தோட்டத்தில் லைலாக் ஒரு பக்கம், பூ ஆப்பிள் ஒரு பக்கம் எனத் தனித்தனியே நிற்கின்றன. மே மாதம் லைலாக் பூத்தால் ஊரே அங்குதான்.

தொடக்க விழாவில் பேசிய சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு கேட்டது வேறு. ஐரோப்பியர் குடியேறியபோது இந்த வட்டாரம் எப்படி இருந்ததோ, அதன் மாதிரியை மீண்டும் உருவாக்க வேண்டும் என்றார். தனிச்செடியை விட்டு வாழிடத்தையே சேகரிப்புப் பொருளாக்கும் எண்ணம் இது. நிலம், பூ, விலங்கு மூன்றையும் ஒரே திணையில் வைத்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. அன்றைய அமெரிக்கப் பூங்காக்காரர்களுக்குப் புதுமைதான்.

எண்ணம் லியோபோல்டுடையது என்றாலும் உழைப்பு வேறு கைகளுடையது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு அமைத்த இயற்கைப் பாதுகாப்புப் படையின் முகாம் 1935 முதல் 1941 வரை அங்கே இருந்தது. சூழலியலாளர் தியோடர் ஸ்பெர்ரியின் மேற்பார்வையில் அவர்கள், தப்பிப் பிழைத்த பிரெய்ரி எனும் இயற்கைப் புல்வெளித் துண்டுகளிலிருந்து வேரோடும் மண்ணோடும் புல்லைப் பெயர்த்து வந்து, பழைய விவசாய நிலத்தில் பதித்தார்கள்.

ஆனால் மேய்ச்சலுக்காக வந்து பரவிய கென்டக்கி நீலப்புல் இடம் விடவில்லை. 1940களில் தாவரவியலாளர் ஜான் கர்டிஸும் அவர் மாணவரும் தீயை வைத்துச் சோதித்தார்கள். நீலப்புல் வசந்தத்தின் தொடக்கத்திலேயே துளிர்த்துவிடும். பிரெய்ரிப் புற்களோ அப்போது மண்ணுக்கடியில் உறங்கும். அந்த நேரம் பார்த்து எரித்தால் முந்தியது கருகும், பிந்தியது பிழைக்கும். கருகிய தரை வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடேற, பிரெய்ரிப் புற்கள் வேகமாகக் கிளம்பும். தீயைப் பகையாகவே கண்ட வனத்துறை மரபுக்கு நடுவில் வந்த முடிவு இது. அந்த 70 ஏக்கர் சொச்சம் இன்று கர்டிஸ் புல்வெளி; அறிவியல் முறையில் மீட்கப்பட்ட பிரெய்ரிகளில் மிகப் பழையது. தெற்கே, நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள கிரீன் புல்வெளியைப் பூஞ்சையியலாளர் ஹென்றி கிரீன், ஈரத்துக்கும் மணலுக்கும் ஏற்ப இடம் பார்த்து, பெரும்பாலும் தனியாளாகவே நட்டார்.

தோட்டமும் வாழிடமும் ஒரே வேலிக்குள் இருப்பதால் பூசலும் உண்டு. அழகுக்காக அமெரிக்கத் தோட்டங்களில் புகுந்த ஆசியப் புதர் ஹனிசக்கிளின் சிவந்த பழத்தைப் பறவைகள் தின்று, விதையைக் காட்டுக்குள் எச்சமிடுகின்றன. ஓக் மரங்களின் கீழ் மண்டும் அந்தப் புதரை இன்றும் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.